ஐவிஎஃப் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கணும்? பேக்கேஜ் ரேட்டைத் தாண்டி கணக்கு போடுறது எப்படி

ஐவிஎஃப்க்கு, அதாவது முட்டையை வெளியில எடுத்து லேப்ல கரு ஆக்கித் திரும்ப வைக்கிற சிகிச்சைக்கு, எங்களுக்கு முதல் நாள் சொன்ன ரேட் 1,35,000. முதல் டிரான்ஸ்பர் (கருவைக் கர்ப்பப்பையில வைக்கிறது) முடிஞ்சு ரிசல்ட் வந்த அன்னைக்கு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தா 3,51,500. இதுல யாரும் எங்களை ஏமாத்தலை, ஒவ்வொரு பில்லும் நிஜமான செலவுக்கான பில்லுதான், ஆனா எது பேக்கேஜுக்குள்ள வரும் எது வெளியில வரும்னு ஆரம்பத்துல நாங்க கேக்கவே இல்ல. அந்த வித்தியாசத்தைக் கட்ட என் அம்மா வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. இப்ப புதுசா இந்த வழியில கால் வைக்கிற ஒவ்வொருத்தருக்கும் அந்த நோட்டைத் திறந்து காட்டணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், அதான் இது.

முதல்ல அந்த 3,51,500 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. பேக்கேஜுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் எடுத்த டெஸ்ட், ஸ்கேன் 14,600. பேக்கேஜ் 1,35,000. இக்சி (விந்தணுவை நேரா முட்டைக்குள்ள செலுத்துறது) தனியா 25,000. ஊசி மருந்து 68,400. கருவை ஃப்ரீஸ் பண்ண 30,000. ஃப்ரோசன் டிரான்ஸ்பர், அதாவது ஃப்ரீஸ் பண்ண கருவைப் பின்னாடி எடுத்து வைக்கிறது, 45,000. டிரான்ஸ்பருக்கு அப்புறம் போட்ட மருந்து 11,500. பழனிக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வந்த செலவு, ரூம், சாப்பாடு 22,000. பேக்கேஜ்ல "ஒரு டிரான்ஸ்பர் சேர்த்து"ன்னு போட்டிருந்துச்சு, ஆனா அது அதே மாசம் பண்ற ஃப்ரெஷ் டிரான்ஸ்பர். எனக்கு முட்டை நிறைய வந்து வயிறு உப்பி நீர் சேர ஆரம்பிச்சதால இந்த மாசம் வைக்க வேண்டாம், எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அது சரியான முடிவு, என் உடம்புக்கு அதுதான் நல்லது. ஆனா அந்த ஒரு முடிவுல பேக்கேஜ்ல இருந்த டிரான்ஸ்பர் போச்சு, 75,000 வெளியில இருந்து கூடுச்சு.

அதனால நீங்க கணக்கு போடும்போது "ஐவிஎஃப் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க. ஊசி, எக் பிக்கப் (முட்டையை வெளியில எடுக்கிறது), லேப், ஃப்ரீசிங், டிரான்ஸ்பர், அதுக்கப்புறம் மருந்துன்னு ஒவ்வொரு கட்டமா பிரிச்சு எழுதிக் கேளுங்க. ஒரே டிரான்ஸ்பர்ல கைகூடும்னு வச்சு பட்ஜெட் போடாதீங்க, குறைஞ்சது ரெண்டு டிரான்ஸ்பருக்கு போடுங்க.

ஸ்டெப் 1: ஐவிஎஃப் வரைக்கும் போக வேண்டியிருக்கான்னு முதல்ல பாருங்க

ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் கரு நிக்கலைன்னா, மனைவிக்கு 35 வயசுக்கு மேலன்னா 6 மாசத்துலயே டாக்டரைப் பாக்கணும். பாக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. நம்ம ஊர்ல பொண்ணுக்கு ஏழெட்டு டெஸ்ட் எடுத்து, லேப்ராஸ்கோப்பி வரைக்கும் போயிட்டு, கடைசியிலதான் ஆம்பளைக்கு விந்து பரிசோதனை எழுதுற கதை இன்னும் நடக்குது. குழந்தை இல்லாத தம்பதிகள்ல பாதிக்குப் பாதி பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். சில நூறு ரூபாயிலேர்ந்து ஆயிரம் சொச்சத்துக்குள்ள முடியுற டெஸ்ட் அது, அதை முதல் வாரமே எடுத்துட்டா எத்தனையோ ஆயிரம் மிச்சம். ரிசல்ட் சரியில்லைன்னா கொஞ்ச வாரம் இடைவெளி விட்டு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஒரே ரிப்போர்ட்டை வச்சு பயந்துடாதீங்க.

தைராய்டு, புரோலாக்டின், சுகர், முட்டை இருப்பு எவ்வளவுன்னு காட்டுற ஏஎம்ஹெச், ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பாக்குற ஹெச்எஸ்ஜி, இதெல்லாம்தான் அடிப்படை. இதுல பாதி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓபியிலயே எடுக்கலாம், காசு பெருசா ஆகாது, காத்திருக்கத்தான் வேணும். எங்க எடுத்தாலும் ஒரிஜினல் ரிப்போர்ட்டை வாங்கி ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, போன்ல போட்டோவும் எடுத்து வைங்க. வேற கிளினிக் மாறினா "எங்க லேப்ல திரும்ப எடுக்கணும்"னு சொல்லுவாங்க, எது ரொம்பப் பழசாயிடுச்சு எது இன்னும் செல்லும்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க. நான் அப்படிக் கேட்டதுல நாலு டெஸ்ட்டை விட்டுட்டாங்க.

முட்டை வளர்றதுக்கு லெட்ரோசோல் மாத்திரை போட்டு, முட்டை வளர்ச்சியைப் பாக்குற ஃபாலிக்குலர் ஸ்கேன் பாத்து, நாள் சொல்லி முயற்சி பண்றதுதான் ரொம்ப மலிவான வழி, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிற நிறைய பேருக்கு இதுலயே நிக்குது. அடுத்தது ஐயுஐ, அதாவது விந்தை நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்துறது, ஒரு தடவைக்கு ஸ்கேன் ஊசி எல்லாம் சேர்த்து 8,000 லேர்ந்து 15,000 வரைக்கும் நான் விசாரிச்ச இடங்கள்ல சொன்னாங்க. இங்கதான் ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஐயுஐ மலிவு மலிவுன்னு ஆறு ஏழு தடவை பண்றவங்க இருக்காங்க, கருக்குழாய் ரெண்டும் அடைச்சிருந்தா ஐயுஐ பலன் தராது, வயசு 37, 38 ஆகி ஏஎம்ஹெச்சும் குறைவா இருந்தா அதுல ஒரு வருஷம் போறது காசை விடப் பெரிய நஷ்டம், ஏன்னா அடுத்து ஐவிஎஃப்க்கு வரும்போது ஊசி டோஸ் கூடும், முட்டை குறையும், ஒரு சைக்கிள் (ஊசி, பிக்கப்னு ஒரு முழு சுத்து) பத்தாது. மூணு, நாலு ஐயுஐக்கு அப்புறமும் தொடரலாம்னா ஏன்னு டாக்டர்கிட்ட காரணம் கேளுங்க.

ஸ்டெப் 2: எங்க போறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

2021ல வந்த ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி எல்லா கருத்தரிப்பு மையமும் பதிவு பண்ணியிருக்கணும். ஐயுஐ மட்டும் பண்றது லெவல் 1, ஐவிஎஃப் பண்றது லெவல் 2. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்க, அதுல கூச்சமே வேண்டாம். மனைவிக்கு 21லேர்ந்து 50, கணவருக்கு 21லேர்ந்து 55, இந்த வயசுக்குள்ளதான் சிகிச்சை கொடுக்கலாம். நமக்கு ரொம்ப உபயோகமான ஒண்ணு அதே சட்டத்துல இருக்கு: சிகிச்சையோட செலவு, பக்கவிளைவு, பலன் கிடைக்கிற வாய்ப்பு, ரெட்டைக் குழந்தை மாதிரியான ஆபத்து, இதெல்லாத்தையும் கிளினிக் முன்னாடியே விளக்கிச் சொல்லியாகணும், புகார் கேக்க ஒரு குறைதீர் பிரிவும் வச்சிருக்கணும். ஆக நீங்க செலவைக் கேக்குறது உங்க உரிமை.

கம்மி செலவுக்கு வழி இல்லையான்னு கேட்டா, சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் நல ஆஸ்பத்திரியில செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறந்திருக்காங்க, அங்க முதல்ல விசாரிச்சுப் பாருங்க. வேலூர் சிஎம்சியில இதுக்குன்னே தனித் துறை இருக்கு. அரசு இடத்துல வரிசை நீளமா இருக்கும், வயசு கம்மியா இருக்கிறவங்க காத்திருக்கலாம். 38 வயசுக்காரங்க எவ்வளவு மாசம் ஆகும்னு தெளிவாக் கேட்டுட்டு முடிவெடுங்க.

ஸ்டெப் 3: கிளினிக்ல எழுதி வாங்க வேண்டியது

வாயால சொல்ற ரேட் வேண்டாம். ஒரு பேப்பர்ல எழுதி, தேதி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. நான் இப்ப யாரு கேட்டாலும் இதைத்தான் அனுப்புறேன்: ஃபாலிக்குலர் ஸ்கேன் எத்தனை வந்தாலும் பேக்கேஜுக்குள்ளயா, மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் சேர்ந்துருக்கா, இக்சி சேர்ந்துருக்கா, கருவை அஞ்சாம் நாள் நிலையான பிளாஸ்டோசிஸ்ட் வரைக்கும் வளக்க தனிக் காசா, ஃப்ரீசிங்குக்கு எவ்வளவு, அது மொத்தக் கருவுக்கா இல்ல ஒரு ஸ்ட்ராவுக்கா (கருவை வச்சு ஃப்ரீஸ் பண்ற சின்னக் குழாய்), எத்தனை மாசத்துக்கு, ரினியூவல் எவ்வளவு, ஃப்ரெஷ் டிரான்ஸ்பர் பண்ண முடியாமப் போனா அந்தக் காசு ஃப்ரோசனுக்குக் கழியுமா.

கடைசிக் கேள்வியை நாங்க கேக்கல. அதுக்கு விலை 45,000.

இன்னொண்ணு, சைக்கிள் பாதியில நின்னா என்ன ஆகும்னு கேளுங்க, இதை யாரும் கேக்க விரும்ப மாட்டோம், மனசுக்குக் கஷ்டமா இருக்கும். ஊசி போட்டும் முட்டை வளராம கேன்சல் ஆகலாம், எக் பிக்கப்ல முட்டை கிடைக்காமப் போகலாம், கிடைச்ச முட்டை கரு ஆகாம நிக்கலாம், கரு அஞ்சாம் நாள் வரைக்கும் வராமப் போகலாம். இந்த நாலு இடத்துலயும் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்னு தனித்தனியா எழுதி வாங்குங்க.

மூணு சைக்கிள் பேக்கேஜ், குழந்தை இல்லைன்னா பணம் வாபஸ்னு விளம்பரம் பாத்திருப்பீங்க. அதுல "சைக்கிள்"னா என்னன்னு மட்டும் கேளுங்க, ஒரே பிக்கப்ல வந்த கருவை மூணு தடவை வைக்கிறதையும் மூணு சைக்கிள்னு எண்றாங்களா, இல்ல மூணு பிக்கப்பா? மருந்துக் காசு அதுல பெரும்பாலும் சேராது. வாபஸ்க்கு வயசு, ஏஎம்ஹெச்னு நிபந்தனை இருக்கும். பாசிட்டிவ் வந்து ரெண்டு மாசத்துல கலைஞ்சா அதை வெற்றின்னு எடுத்துப்பாங்களான்னும் பாருங்க. படிச்சுட்டு, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஒரு ராத்திரி வச்சிருந்துட்டு கையெழுத்துப் போடுங்க.

ஐவிஎஃப் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே தெளிவுபடுத்திட்டாங்க, பில்லுல சிகிச்சைக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. மருந்து விலையில இருக்கிற வரி வேற. மொத்தமா 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாது, பேங்க் வழியாவே கட்டுங்க, ரசீது இல்லாம ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க.

ஸ்டெப் 4: ஊசி மருந்து

பட்ஜெட் உடையுற இடம் இதுதான். பீரியட்ஸ் ரெண்டாம் நாள் வரச் சொல்லி ஸ்கேன் பாத்து ஊசி ஆரம்பிப்பாங்க, 8லேர்ந்து 12 நாள் வரைக்கும் தினம் போகும், நடுவுல முட்டை முந்தி வெடிக்காம இருக்க இன்னொரு ஊசி சேரும், கடைசியில முட்டையை முதிர வைக்கிற டிரிகர் ஊசி. டோஸ் உங்க வயசையும் ஏஎம்ஹெச்சையும் பொறுத்தது, 150 யூனிட் போதும்ங்கிறவங்களும் இருக்காங்க, 450 வரைக்கும் போறவங்களும் இருக்காங்க, ஊசிச் செலவு ரெண்டு மடங்கு மூணு மடங்கு வித்தியாசப்படுறது இதனாலதான். அதனால பக்கத்து வீட்டக்கா சொன்ன தொகை உங்களுக்கு ஆகாது. "என் டோஸ்க்கு 12 நாளுக்கு எவ்வளவு"ன்னு கேட்டு அந்தத் தொகையை எடுத்து வைங்க.

மொத்த ஊசியையும் முதல் நாளே வாங்காதீங்க. நான் வாங்கினேன். ஆறாம் நாள் ஸ்கேன்ல டோஸைக் குறைச்சாங்க, ரெண்டு ஊசி மிச்சம், குளிர்ல வைக்கிற மருந்தை மெடிக்கல்ல திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. மூணு மூணு நாளுக்கா வாங்குங்க. அதே மருந்தை வேற கம்பெனி விலை கம்மியா விக்கும், ரீகாம்பினன்ட்டுக்குப் (லேப்ல தயாரிக்கிற ஹார்மோன் ஊசி) பதிலா ஹெச்எம்ஜி (சிறுநீர்லேர்ந்து பிரிச்சு எடுக்கிற ஹார்மோன் ஊசி) போடலாமா, எனக்கு அது சரிவருமான்னு டாக்டர்கிட்டயே நேராக் கேளுங்க, நீங்களா மாத்திடாதீங்க. வெளி மெடிக்கல்ல வாங்கலாமான்னும் கேளுங்க, எம்ஆர்பியிலேர்ந்து குறைச்சுத் தர்ற கடைங்க இருக்கு, ஆனா ஃப்ரிட்ஜ்ல வச்சு ஐஸ்பேக் போட்டுக் கொடுக்கிற கடையா இருக்கணும்.

நான் உக்கடத்துல பஸ் ஏறும்போது மடியில ஒரு தெர்மாகோல் டப்பா இருக்கும், உள்ள ஐஸ்பேக், அதுக்கு மேல ஒரு துணி, துணிக்கு மேல ஊசி, ஐஸ்ல நேரா பட்டா உறைஞ்சுடும்னு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டு ஃப்ரிட்ஜ்ல கதவுப் பக்கம் வைக்காம நடுத்தட்டுல வச்சேன். தினமும் ஊசி போட கிளினிக் போகத் தேவையில்ல, தொப்புளைச் சுத்தி நாமளே போட்டுக்கலாம், ரெண்டாவது நாளுக்கு மேல கை நடுங்காது. எங்க தெரு நர்ஸ் அக்கா ஒரு ஊசிக்கு 50 ரூபாய் வாங்கினாங்க, ஸ்கேன் இல்லாத நாள்ல அப்படியே ஓட்டிட்டேன்.

வெளியூர்க்காரங்க அலைச்சலையும் காசாவே எண்ணுங்க. காலையில 8 மணி ஸ்கேனுக்கு நான் நாலரை மணி பஸ் ஏறணும். டிரிகர் ஊசி ராத்திரி சொன்ன நிமிஷத்துக்குப் போடணும், அதுலேர்ந்து 34லேர்ந்து 36 மணி நேரத்துக்குள்ள எக் பிக்கப், அந்த ரெண்டு ராத்திரியும் கிளினிக் பக்கத்துலயே ரூம் போடுங்க, அதுல சிக்கனம் பாக்காதீங்க. ரெண்டு பேருக்கும் லீவு போற நாள், சம்பளப் பிடித்தம் இதையும் நோட்டுல எழுதுங்க.

ஸ்டெப் 5: கூடுதலா சொல்ற டெஸ்ட், ட்ரீட்மென்ட்

முதல் டிரான்ஸ்பர் தோத்த உடனே வரும். ஈஆர்ஏ (கர்ப்பப்பை கருவை ஏத்துக்கத் தயாரான்னு பாக்குற டெஸ்ட்), பிஆர்பி (நம்ம ரத்தத்துலேர்ந்து எடுக்கிற பிளாஸ்மா), இன்ட்ராலிப்பிட் (கொழுப்பு டிரிப்), எம்ப்ரியோ க்ளூ (கரு ஒட்டணும்னு சேர்க்கிற திரவம்), பிஜிடி (கருவோட மரபணு டெஸ்ட்)ன்னு ஒவ்வொண்ணுக்கும் பல ஆயிரம். மனசு உடைஞ்சு உக்காந்திருக்கிற நேரத்துல எதைச் சொன்னாலும் சரின்னு தோணும், எனக்கும் தோணுச்சு. பிரிட்டன்ல கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கிற ஹெச்எஃப்இஏ அமைப்பு இந்த மாதிரி ஆட்-ஆன் ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் எவ்வளவு இருக்குன்னு நிறம் கொடுத்து வெளியிடுது, பெரும்பாலான தம்பதிக்குக் குழந்தை பெறும் வாய்ப்பைக் கூட்டும்னு உறுதியான ஆதாரம் இருந்தாதான் பச்சை. போன்லயே பாக்கலாம். சிலருக்குச் சில டெஸ்ட் உண்மையிலேயே தேவைப்படும், அடிக்கடி கலைஞ்சுடுது, மரபணுக் கோளாறு குடும்பத்துல இருக்குன்னா பிஜிடிக்குக் காரணம் இருக்கு. "எனக்கு இது ஏன், இது இல்லாம அடுத்த டிரான்ஸ்பர் பண்ணா என்ன வித்தியாசம்"னு கேட்டுட்டு ஒரு வாரம் டைம் எடுங்க.

காசு மிச்சம்னு ரெண்டு மூணு கருவை ஒரே தடவையில வைக்கச் சொல்லிக் கேக்காதீங்க. ரெட்டைன்னா குறைமாசத்துல பிறக்கிற வாய்ப்பு கூடுது, தனியார் ஆஸ்பத்திரி என்ஐசியூல (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) ரெண்டு குழந்தை மூணு வாரம் இருந்தா வர்ற பில்லு ஒரு ஐவிஎஃப் பில்லைத் தாண்டிடும், குழந்தைங்க படுற பாடு அதுக்கும் மேல.

கரு முட்டை தானம் வாங்க வேண்டி வந்தா செலவு தனி. முட்டை, விந்து தானத்தை ஏற்பாடு பண்ற, பதிவு பண்ண ஏஆர்டி பேங்க் வழியாத்தான் வரணும், கொடுக்கிற பொண்ணுக்கு 23லேர்ந்து 35 வயசு இருக்கணும், வாழ்க்கையில ஒரு தடவைதான் கொடுக்கலாம், அவங்களுக்கு நாமதான் இன்ஷூரன்ஸ் எடுக்கணும். சட்டம் அப்படி, அதைச் சுத்திக்கிட்டுப் போற மலிவான வழி யாராவது காட்டினா வேண்டாம்னு வந்துடுங்க.

ஸ்டெப் 6: இன்ஷூரன்ஸ்

உங்க பாலிசி புக்குல எக்ஸ்க்ளூஷன் பகுதியில 17ங்கிற கோட் நம்பரைத் தேடுங்க, குழந்தையின்மை சிகிச்சைக்குப் பணம் கிடையாதுன்னு இருக்கும், நம்ம நாட்டுல பெரும்பாலான பாலிசியில இது அப்படியேதான் இருக்கு. சில பாலிசி வெயிட்டிங் பீரியட் முடிஞ்ச பிறகு ஒரு லிமிட் வரைக்கும் கொடுக்குது, சில கம்பெனிங்க ஊழியர் குரூப் பாலிசியில சேர்த்திருக்காங்க, அதனால ரெண்டு பேர் ஆபீஸ் ஹெச்ஆர்கிட்டயும் மெயில்ல கேளுங்க. கல்யாணம் ஆன புதுசா இருந்து, பிசிஓஎஸ் மாதிரி பிரச்சினை இருக்குன்னு தெரிஞ்சா இப்பவே அப்படி ஒரு பாலிசி பாத்து வைக்கலாம், இருக்கிற பிரச்சினையை மறைக்காம எழுதுங்க. எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, கட்டி இதுக்கெல்லாம் ஆபரேஷன் தேவைப்பட்டா அது தனி நோய், அதுக்குக் கிளெய்ம் வர வாய்ப்பிருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடியே ப்ரீ-ஆத்தரைசேஷன் (இன்ஷூரன்ஸ் கம்பெனியோட முன் அனுமதி) போட்டுப் பாருங்க.

ஸ்டெப் 7: பணத்தை எங்கேர்ந்து எடுக்கிறது, எங்க நிறுத்துறது

எங்க வரிசை இது: முதல்ல ஆர்டி, அப்புறம் சீட்டு, அப்புறம் நகை. நகையை பேங்க்ல வச்சா வட்டி கம்மி, அவசரத்துல தெருமுனை அடகுக் கடைக்குப் போயிடாதீங்க, சைக்கிள் ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பேங்க்ல வச்சுடுங்க. கிளினிக்ல சொல்ற வட்டியில்லா இஎம்ஐக்கு பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, ரொக்கமாக் கட்டினா கிடைக்கிற தள்ளுபடி இதுல போயிடுதான்னு பாருங்க. சைக்கிள் தோத்தாலும் இஎம்ஐ மாசாமாசம் போகும், அந்த மெசேஜ் வர்ற நாளெல்லாம் ரொம்ப வலிக்கும், இதை அனுபவிச்சுட்டுச் சொல்றேன். வீட்டை, நிலத்தை மட்டும் வைக்காதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரும் நல்ல மனநிலையில இருக்கிற ஒரு நாள் உக்காந்து ரெண்டு நம்பர் எழுதுங்க: அதிகபட்சம் எவ்வளவு ரூபாய், அதிகபட்சம் எத்தனை டிரான்ஸ்பர். நாங்க நோட்டு முதல் பக்கத்துல 6 லட்சம், 3 டிரான்ஸ்பர்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் பீட்டா (கர்ப்பம் பாக்குற ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் வந்த அன்னைக்கு எங்க அத்தை "இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், தோட்டத்தை வித்துடலாம்"னு அழுதாங்க, பாசத்துலதான். வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இன்னும் ரெண்டு வாய்ப்பு நம்ம கணக்குலயே இருக்கும்மா, தோட்டத்தைத் தொட வேண்டாம்"னார். அன்னைக்கு அந்தப் பக்கம் இல்லைன்னா தோட்டம் போயிருக்கும்.

ரெண்டாவது டிரான்ஸ்பருக்கு 67,000 ஆச்சு, மொத்தம் 4,18,500. அந்த ரெண்டாவதுல கரு நின்னுச்சு.

பாசிட்டிவ் வந்தாலும் செலவு நிக்காது, கர்ப்பத்தைத் தாங்குற புரோஜெஸ்ட்ரோன் மருந்து பல வாரம் தொடரும், ஸ்கேன் அடிக்கடி இருக்கும், முதல் மூணு மாசத்துக்குன்னு ஒரு 30,000 தனியா வைங்க. ஊர் சுகாதார நர்ஸ்கிட்ட சொல்லி பிக்மி நம்பர் (அரசாங்கத்துல கர்ப்பத்தைப் பதிவு பண்ற நம்பர்) வாங்கிடுங்க, தனியார்ல பாத்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேணும்.

மிச்சக் கரு இருந்தா ரினியூவல் தேதியை போன் கேலண்டர்ல போட்டு வைங்க. எங்களுக்கு இன்னும் ரெண்டு இருக்கு, வருஷம் 12,000 கட்டுறோம். சட்டப்படி 10 வருஷம் வரைக்கும்தான் வைக்கலாம், அதுக்குள்ள என்ன பண்றதுன்னு முடிவு உங்களோடது, உங்க அட்ரஸோ போன் நம்பரோ மாறினா நீங்களே கிளினிக்கைக் கூப்பிட்டுச் சொல்லி, கட்டின ரசீதை அதே நோட்டுல கடைசிப் பக்கத்துல ஒட்டி வச்சுடுங்க.